ஜெகதாம்பாள் மேடத்தின் பூசணி

"ஏங்க, இந்தப் பூசணி ஏது?"

ஸ்கூட்டருக்கு முன்னால் சிதறிக் கிடந்த வெள்ளைப் பூசணித் துண்டுகளைக் காட்டி ரேணுகா கேட்டபோது, அவள் கணவர் டில்லிபாபு கற்பூரத் தட்டோடு பெருமையாக நின்றுகொண்டிருந்தார். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, பூசணியும் சுற்றி உடைத்தாயிற்று. இனி ஒரு வருஷத்துக்கு எந்தக் கண்ணும் அண்டாது.

"நீதான சொன்ன? நம்ம பாத்தியில காய்ச்சிருக்கு, அறுத்துக்கினு வாங்கன்னு."

"நம்மது தேங்காய் சைஸுதாங்க. இது குடம் கணக்கா இருக்கே! எந்தப் பாத்தியில அறுத்தீங்க?"

"அஞ்சாவது."

"எங்கேருந்து எண்ணி?"

அங்கேதான் வினை. ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸின் கூட்டுத் தோட்டத்தில் பாத்திகளைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்துதான் எண்ணுவார்கள். தோட்டத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காத டில்லிபாபு, ஷிப்ட் முடிந்து பின்கேட் வழியாக வந்தவர், கேட்டிலிருந்து எண்ணிவிட்டார்.

ரேணுகா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அது ஜெகதாம்பாள் மேடத்தோடதுங்க."

ஜெகதாம்பாள் ஃபாக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. முடி அளவு பிசகினாலும் மொத்த உருப்படியையும் திருப்பி அனுப்பிவிடுவார். ஃபோர்மேனே தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அவர் முன்னால் போய் நிற்பார். தோட்டமும் அவர் ராஜ்ஜியம்தான். அடுத்தவர் பாத்தியில் கை வைத்தால், வைத்தவரின் பாத்தி அன்றைக்கே பறிபோகும் என்பது அவர் போட்ட சட்டம். ரெண்டு பச்சைமிளகாய்க்காக ஒரு குடும்பமே பாத்தியை இழந்திருக்கிறது.

"நாளைக்குக் காலையில பசுமைக் குடியிருப்புப் போட்டிக்கு ஆபீசர் வர்றாரு. மேடம் அந்தப் பூசணியத்தான் காட்டப்போறாங்க" என்றாள் ரேணுகா. "ரெண்டு வருஷம் காத்திருந்து வாங்குன பாத்திங்க. என் அரைக்கீரை இப்பதான் துளிர் விட்டிருக்கு."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காய்கறித் தோலையெல்லாம் மக்கவைத்து, அந்த உரத்தைப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோல அந்தக் கீரைக்கு ஊட்டியவள் அவள். அதைப் பார்க்க டில்லிபாபுவால் முடியவில்லை. கற்பூரத் தட்டை வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

ஆவடி முழுக்கப் பூசணிதான். எல்லாம் ரோட்டில் உடைந்து கிடந்தன. மார்க்கெட் முனையில், தினமும் குவார்ட்டர்ஸுக்குக் காய் கொண்டுவரும் வேம்புலி மட்டும் மீன்பாடி வண்டியில் மிச்சத்தை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"கடசி காய் இதான் அண்ணாத்தே. கடை வாசல்ல கட்டறதுக்கு மூஞ்சி வரைஞ்சது. வோணுமா?"

சிவந்த கண், கோரைப்பல், முறுக்கிய மீசையோடு பூசணி அவரை முறைத்தது.

"மூஞ்சி இல்லாம எதுனா கீதா?"

"எல்லாம் பூட்ச்சி. உங்க குவார்ட்டர்ஸ்ல இந்தவாட்டி பூசணிக்கு இன்னா கிராக்கி!"

வீட்டுக்குக் கொண்டுவந்து சோப்புப் போட்டார். பெயின்ட் அசையவில்லை. தின்னர் ஊற்றித் தேய்த்தார். கண் போனது, பல் போனது. மீசை மட்டும் லேசாக ஒட்டிக்கொண்டு நின்றது. கூடவே பூசணியின் மேலிருந்த இயற்கையான சாம்பலும் போய், காய் மொட்டைத்தலைபோல் பளபளத்தது.

"இப்ப என்னங்க பண்றது?"

"பவுடர் டப்பாவ எடு."

அரை டப்பா காலியானது. பூசணி வெளுத்தது. மல்லிகைப்பூ வாசமும் வீசியது.

சாயங்காலம், எல்லாரும் பொரிக்கும் சுண்டலுக்கும் வரிசையில் நின்ற நேரத்தில், பூசணியோடு தோட்டத்துக்குள் நுழைந்தார். மத்தியானம் அறுத்த இடத்தில் கொடியைச் சுற்றிச் சணல் தொங்கிக்கொண்டிருந்தது. காய் கனம் தாங்க மேடம் கட்டியிருப்பார் போலும். புண்ணியவதி என்று நினைத்து, அதே சணலால் இதையும் கட்டினார்.

காலையில் குவார்ட்டர்ஸே திரண்டிருந்தது. டில்லிபாபு ரேணுகாவின் முதுகுக்குப் பின்னால் நின்றார். ஆபீசரை அழைத்து வந்த ஜெகதாம்பாள், பூசணியைப் பார்த்ததும் சட்டென்று நின்றார். முகம் வெளிறியது. சுற்றிலும் பார்த்தார். அந்தப் பார்வை டில்லிபாபுவின் மேல் விழுந்தபோது, அவர் ரேணுகாவின் பின்னால் இன்னும் குனிந்துகொண்டார்.

ஆனால் ஜெகதாம்பாள் ஒரு வார்த்தை பேசவில்லை. டில்லிபாபுவுக்கு அதுதான் இன்னும் கிலியைக் கிளப்பியது. அவர் கத்தினால் திட்டோடு போகும். கத்தாவிட்டால் மெமோ வரும்.

ஆபீசர் குனிந்தார். "என்னம்மா, மல்லிகை வாசம் வருது?"

"பக்கத்துல செடி இருக்கு சார்" என்றார் ஜெகதாம்பாள்.

கண்ணுக்கெட்டிய தூரம் வரை மல்லிகைச் செடியே கிடையாது.

ஆபீசர் பூசணியை ஆசையாகத் தடவினார். பவுடர் கையோடு வந்தது. அடியிலிருந்து முறுக்கிய மீசை எட்டிப் பார்த்தது.

"என்னம்மா இது, மீசை?"

போயிற்று. பாத்தி போயிற்று, கீரை போயிற்று, இனி ரேணுகா முகத்தில் எப்படி விழிப்பது? தானே சொல்லிவிட்டால் அவளையாவது விட்டுவிடுவார்கள் என்று டில்லிபாபு முன்னால் வந்தார்.

"சார், நான்..."

"மீசைப் பூசணி சார்!" ஜெகதாம்பாள் முந்திக்கொண்டார். நெற்றியில் வேர்வை ஆறாக ஓடியது. "நாட்டு ரகம். ரொம்ப அபூர்வம்."

டில்லிபாபுவுக்குத் தலை சுற்றியது. இந்த அம்மா எதற்குத் தன்னைக் காப்பாற்ற வேண்டும்? பிறகு தனியாக வைத்துத் தோலை உரிக்கவா?

"அப்படியா! கட்டாயம் விதை வேணுமே" என்று ஆபீசர் இரண்டு கையாலும் காயைத் தூக்கினார். சணல் அறுந்தது. பூசணி மீசையோடு அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

அந்த நேரம் பார்த்து, காய் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வேம்புலி கூட்டத்துக்குள் தலையை நுழைத்தான். பூசணியைப் பார்த்தான். ஜெகதாம்பாளைப் பார்த்தான்.

"இன்னா மேடம், கொடியில கட்டணும்னு நீளக் காம்பாப் பாத்து எங்கையில வாங்கிக்கினு போனீங்களே, அந்தக் காய்க்கு மீசையே இல்லியே!"