சவுக்கண்ணை ஒட்டிய சீட்டுகள்

டென்மார்க்கில் காய்ந்த இலைக்கு இருக்கும் மரியாதை உயிருள்ள மனுசருக்கு இல்லை என்று கண்டுபிடித்த முதல் தமிழர் எங்கள் சவுக்கண்ணைதான்.

எண்பதுகளின் கடைசியில், கோபன்ஹேகனை ஒட்டிய இஷொய்யில் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். எனக்கு உணவகத்தில் கோப்பை கழுவல். அவருக்குக் கோபன்ஹேகனில் ஒரு தாவரக் காப்பகத்தில் வேலை. அவுஸ்திரேலியச் சவுக்குமரத்தின் காய்ந்த கொப்புகளைத் தாளில் ஒட்டி, யார், எங்கே, எப்போது எடுத்தது என்று மூலையில் சீட்டு எழுதவேண்டும். பட்டப்பெயர் அப்படி வந்தது.

வேலை ஆளையே பிடித்துக்கொண்டது. மிளகாய்த்தூள் போத்தலில், "சேகரித்தவர்: மாமி. இடம்: மானிப்பாய்." என் சப்பாத்தில், "இடம்: கதவுக்குக் குறுக்கே. மணம்: உண்டு." நான் வந்த அன்றே என் சூட்கேசிலும் ஒன்று: "வகை: தெரியவில்லை. சத்தம் போடும்."

கோபத்தில் அதைக் கிழிக்கப் போனேன்.

"பிழையெண்டாலும் கிழிக்கக்கூடாது தம்பி. சரியானது தெரிஞ்சால் பக்கத்தில ஒட்டோணும். அதுதான் எங்கட காப்பகத்து முறை."

அவருடைய மனைவி யாழ்ப்பாணத்தில் இருந்தார். அவரைக் கூப்பிட விண்ணப்பித்து இரண்டு வருடம் போயிருந்தது. எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை டேனிஷ் அரசின் மேலிடமே கிடப்பில் போட்டிருந்தது பிறகுதான் வெளியே வந்தது. அப்போது கேட்டால் "பொறுங்கள்" என்பார்கள்.

"நூறு வருசத்துக் கொப்பைக் கேட்டால் அஞ்சு நிமிசத்தில எடுத்துக் குடுக்கிறன். என்ர மனுசியின்ர பேப்பரை இவங்களால எடுக்கேலாதோ?"

ஒருநாள் மனைவியின் படத்தைக் காப்பகத் தாளில் ஒட்டி, டேனிஷில் சீட்டும் எழுதினார். "இடம்: யாழ்ப்பாணம். நிலை: உயிருடன். குறிப்பு: காயவிட வேண்டாம்."

"விசர்வேலை பாக்காதேங்கோ அண்ணை. உள்ளதும் போகப்போகுது."

"அவங்களுக்குப் பேப்பர் சொன்னால்தான் விளங்கும்."

விண்ணப்பம் கிடந்த அலுவலகத்துக்குப் பயத்தோடு நானும் கூடப் போனேன். கந்தோர்ப் பெண் இரண்டு தரம் வாசித்தாள். சிரிக்கவில்லை. தாளை மடிக்காமல் இரண்டு கையாலும் உள்ளே கொண்டுபோனாள். அந்தத் தாளால் ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஒன்றரை வருடம் போனது. அந்த நாட்களில் அவர் சீட்டு எழுதுவதையே விட்டுவிட்டார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கடைசியில் அவர் மனைவி, எனக்கு அக்கா, வந்து சேர்ந்தார். அறையை அவர்களுக்கு விட்டுவிட்டு நான் பிராண்டே என்ற வேறு ஊருக்குப் புறப்பட்டேன். ரயிலில் ஏறிய பிறகுதான் சூட்கேசைப் பார்த்தேன். பழைய சீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தது.

"வகை: சொந்தத் தம்பி."

சூட்கேஸ் உடைந்து கனகாலம். அந்த இரண்டு சீட்டையும் மூடியோடு வெட்டியெடுத்து வைத்திருக்கிறேன்.