கிளட்ச் தேடிய இடது கால்

பல வருஷம் கியர் வண்டி ஓட்டியவனுடைய இடது கால் அவன் பேச்சைக் கேட்காது. அது தனி ஆள். தூக்கத்தில்கூடக் கிளட்ச் மிதிக்கும். (சந்தேகம் இருந்தால் அம்மாவைக் கேளுங்கள், பிள்ளைகளே. உதை வாங்குகிறவர் அவர்.)

கிளட்ச் என்றால் என்ன என்று கேட்பீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. ஈப்போவில் இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் மின்சாரக் கார்கள் பூனை மாதிரி போகின்றன. நான் ஓட்டும் பள்ளி வேன் மாதிரி வண்டிகளில் இடது காலுக்கென்று ஒரு மிதி இருக்கும். அதை மிதித்துத்தான் கியர் மாற்ற வேண்டும். பேட்டரி செத்துப்போனால் நாலு பேரைப் பின்னாலிருந்து தள்ளச் சொல்லி, கிளட்சை மிதித்துப் பிடித்து, ஓட்டம் வந்ததும் பட்டென்று விட்டால் இன்ஜின் உயிர் பெறும். நான் பிறந்த சுங்காய் ரப்பர் தோட்டத்தில் பாதி வண்டிகள் அப்படித்தான் கிளம்பும். அந்த வித்தையில் எனக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன, நிறையவே.

அந்தப் பெருமையோடுதான் உங்கள் திவ்யா அக்காவின் கல்யாணத்தன்று சிம்பாங் பூலாயில் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் என் அக்கா மகள். மாப்பிள்ளை வீட்டார் ஈப்போ கோயிலில் காத்திருந்தார்கள். முகூர்த்தம் முடிவதற்குள் பெண்ணைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தாய்மாமனான என் பொறுப்பு. நானே கெஞ்சி வாங்கிய பொறுப்பு. உங்கள் அம்மாவின் தம்பி சேகர் தன் புது மின்சாரக் காருக்குப் பூ அலங்காரம் செய்து நிறுத்திவிட்டு, சாவி என்று ஓர் அட்டையை என் கையில் வைத்தான்.

"மச்சான், ஓட்டுவீங்கதானே? சொல்லித் தரவா?"

"நான் லாரியே ஓட்டுனவன்லா. நீ கோயிலுக்குப் போய் மாப்பிள்ளை வீட்டக் கவனி."

அவன் போய்விட்டான். திவ்யா பட்டுச்சேலையும் தலை நிறைய மல்லிகையுமாகப் பின் சீட்டில் ஏறினாள். பக்கத்தில் உங்கள் அம்மா. முன் சீட்டில் சீர்த் தட்டுகள். நான் பழக்கப்படி இடது காலால் மிதியை மிதித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினேன். திரையில் என்னென்னவோ வெளிச்சம் வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. காதைச் சாய்த்துக் கேட்டேன். மூச்சுப்பேச்சில்லை.

"பேட்டரி போச்சு," என்றேன்.

"மாமா, இந்த வண்டியில சத்தமே வராது."

"நீ கிளட்ச் இல்லாத ஆட்டோ காருக்கு லைசென்ஸ் எடுத்த பிள்ள. அது பாதி லைசென்ஸ். சும்மா உக்காரு."

கண்ணாடியை இறக்கி, வாசலில் நின்ற உறுமி மேளக்காரர்களைக் கூப்பிட்டேன். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். திவ்யாவின் அப்பா, என் அத்தான், அவரும் பட்டுச் சட்டையோடு வந்து கை வைத்தார். ஒருவர் மட்டும் ஊக்கத்துக்காக மேளம் அடித்தார். எல்லாரும் தம் பிடித்துத் தள்ளினார்கள். வண்டி அசையவில்லை.

"என்ன மச்சான், இது காரா யானையா?" அத்தானுக்கு மூச்சு வாங்கியது.

"மின்சார வண்டி கனம்லா அத்தான். விடாதீங்க, நல்லாத் தள்ளுங்க."

வண்டி ஏன் அசையவில்லை தெரியுமா? கிளட்ச் என்று நினைத்து நான் மிதித்துப் பிடித்திருந்தது பிரேக்கை. அவர்கள் பின்னால் தள்ளத் தள்ள, நான் முன்னால் நிறுத்திக்கொண்டிருந்தேன். அது போதாதென்று கியரையும் ஓட்டத்தில் போட்டு வைத்திருந்தேன்.

"இப்ப விடுறேன்," என்று இடது காலைப் பட்டென்று எடுத்து, வலது காலால் வேக மிதியை அமுக்கினேன்.

கார் சத்தமே இல்லாமல் பாய்ந்தது. பின்னால் அத்தானும் மேளக்காரர்களும் மழைச் சேற்றில் வரிசையாகக் குப்புற விழுந்தார்கள். பயத்தில் என் இடது கால் மறுபடி கிளட்சைத் தேடி, பலங்கொண்ட மட்டும் மிதித்தது. கார் அடுத்த வீட்டு வாழைக்குச் சற்று முன்னால் ஆணியடித்த மாதிரி நின்றது. சீர்த் தட்டு லட்டுகள் முன்கண்ணாடியில் மோதி என் மடியில் விழுந்தன.

பின் சீட்டில் பெல்ட் போட்டிருந்ததால் அடி ஒன்றுமில்லை. திவ்யா கண்ணுக்கு இறங்கிய மல்லிகையைத் தூக்கி விட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். சேற்றிலிருந்து எழுந்த அத்தான் கை காட்டினார். "நீ போம்மா. நான் வேட்டி மாத்திட்டு வாரேன்."

"மாமா, எறங்குங்க," என்றாள் திவ்யா.

"ஏன்மா?"

"எனக்கு இன்னிக்குக் கல்யாணம். போய்ச் சேரணும்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே ஓட்டினாள். பாதி லைசென்ஸ் தண்ணீர் மாதிரி ஓட்டியது. அவள் இருந்த இடத்தில் நான், மடியில் கல்யாண மாலையோடு. ஒவ்வொரு சிக்னலிலும் என் இடது கால் தரையை மிதித்தது. "காலச் சும்மா வைங்க," என்றார் அம்மா. அன்று அவர் என்னிடம் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

கோயில் வாசலில் மாப்பிள்ளையின் அம்மா ஆலத்தித் தட்டோடு தயாராக நின்றார். கல்யாணப் பெண் பின் சீட்டில், இடது பக்கம்தானே இருப்பாள்? காருக்குக் கறுப்புக் கண்ணாடி வேறு. கார் நின்றதும் நாதஸ்வரம் ஆரம்பித்தது. பெண்கள் என் கதவைச் சூழ்ந்துகொண்டார்கள். தட்டு சுற்றியது. கதவு திறந்தது. குங்குமத்தோடு ஒரு கை உள்ளே வந்து என் நெற்றியில் பொட்டு வைத்தது. அதற்கப்புறம்தான் அவர் குனிந்து பார்த்தார். மீசையோடு நான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பக்கக் கதவிலிருந்து குரல் வந்தது. "அத்தை, நான் இங்க இருக்கேன்."

மாப்பிள்ளை தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவசரத்தில் கைக்குக் கிடைத்த கைலியோடு அத்தான் ஓடி வந்து தாரை வார்க்க, முகூர்த்தத்துக்குள் தாலி ஏறிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

ஆனால் மாப்பிள்ளையின் அம்மா விடவில்லை. "ஆலத்தி எடுத்தா எடுத்ததுதான். நம்ம வீட்டுக்கு மொதல்ல வந்த மருமக இவருதான்," என்று பந்தியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் திவ்யா இன்றுவரை இளைய மருமகள்தான்.

போன தீபாவளிக்குப் போயிருந்தோமே, நினைவிருக்கிறதா? நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது. "மூத்த மருமகளே, வந்தாச்சா? அடுப்புல பால் வச்சிருக்கேன், போய்ப் பாரு."

நீங்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நான் நேராக அடுப்படிக்குப் போய்ப் பாலை இறக்கி வைத்தேன். மாமியார் சொன்னால் கேட்க வேண்டாமா?