நான் மக்காவுக்குப் போகவில்லை, ஐயா!

சோலோ,
வியாழக்கிழமை காலை.

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் பாக் ஹண்டோயோ அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் நலமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

"முகநூலை விட்டு நாற்பது நாள் விலகியிருங்கள், நாவல் தானாக முடிந்துவிடும்" என்றீர்கள். முடியாவிட்டால் இந்த வருடம் புத்தகம் வராது என்றும் மிரட்டினீர்கள். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். என் மேல் நம்பிக்கை இல்லாமல் என் கடவுச்சொல்லை மாற்றி நீங்களே வைத்துக்கொண்டீர்கள், அதற்கும் சரி என்றேன். ஆனால் முகநூலில் கடைசியாகப் போட்ட அந்த அறிவிப்பு? நான் எழுதியது ஒரே வரி: "நாற்பது நாள் இங்கே இருக்க மாட்டேன்." மொட்டையாக இருக்கிறது, வாசகர்கள் முகம் சுளிப்பார்கள் என்று பேனாவை எடுத்து, "தெரிந்தும் தெரியாமலும் நான் செய்த பிழைகளை மன்னித்துவிடுங்கள், நல்லபடியாக முடித்துத் திரும்ப துஆ செய்யுங்கள்" என்று சேர்த்தது யார்? நீங்கள்! அதுவும் எங்கள் ஊரிலிருந்து முதல் ஹஜ் விமானம் கிளம்புகிற வாரத்தில்! ஹஜ்ஜுக்குக் கிளம்புகிற எல்லோரும் சொல்லிக்கொள்வதும் இதேதான்: நாற்பது நாள், மன்னிப்பு, துஆ. இந்த நாட்டில் புத்தியுள்ள எவரும் இதை வேறு எப்படிப் படிப்பார்கள்? ஊர் எழுத்தையெல்லாம் திருத்துகிறவருக்கு இது தோன்ற வேண்டாமா?

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கதவு தட்டப்பட்டது. எங்கள் தெருத் தலைவர் முல்யோனோ, மனைவியோடும் சுருட்டிய நாலு பாயோடும் நிற்கிறார்.

"ஏம்மா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம ஹஜ்ஜுக்குக் கிளம்புறீங்களே, நாங்க என்ன அந்நியமா?"

"நான் எங்கயும் போகலைங்க. வீட்டுல உக்காந்து நாவல் எழுதப் போறேன்."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியா, எவ்வளவு அடக்கம்! உன் தம்பி போனப்ப ஒரு மாசம் தெருவெல்லாம் தம்பட்டம் அடிச்சான்."

"எங்க தம்பிய இழுக்காட்டி உங்களுக்குப் பொழுதே போகாதே!" என்றபடி அந்த அம்மாள் என் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்துவிட்டார்.

அவ்வளவுதான், தெருவே வந்து உட்கார்ந்தது. ஹாஜியை வழியனுப்ப வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பலாமா? நான் ஹாஜி இல்லை என்று கத்திக்கொண்டே சோயாவில் செய்த தெம்பே வில்லைகளைப் பொரித்துப் போட்டேன், ஐயா. எண்ணெய் தீர்ந்தது, சர்க்கரை தீர்ந்தது, ஆள் வருவது தீரவில்லை. ஒருவர் இரண்டு காலி கேனைக் கொண்டுவந்து மக்காவிலிருந்து புனித ஜம்ஜம் தண்ணீர் கொண்டுவர என்று வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வாத்துக்கறிக் கடைக்காரர் சுரிப்தோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் கடைக்கு எதுத்தாப்புல இன்னொருத்தன் கடை போட்டிருக்கான். அவனுக்கு வேற ஊருல நல்ல இடமா கெடைக்கணும்னு அங்க கேளுங்கம்மா. நான் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவன் இல்ல" என்றார். இதற்கு நடுவே நாவலா? "மழை பெய்தது" என்று எழுதினேன், கதவு தட்டப்பட்டது. இன்றுவரை அந்த அத்தியாயத்தில் மழை விடவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். எதிர்வீட்டு சுகியார்த்தி அக்காவை என்னவென்று சொல்வது? விடியற்காலையில் தேங்காய்ப்பால் சோறு விற்பவர், இத்தனை வருடமும் எனக்கு ஒரு பொட்டலம் எடுத்துவைக்காமல் கடையை மூடியதில்லை. வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய ஹஜ் வரிசையில் என்னைவிட நாலு வருடம் முந்திப் பதிந்தவர். அவர் வாசலில் நின்றுகொண்டு தெருவைப் பார்த்துக் கேட்கிறார்: "எனக்கு முன்னாடி இவளுக்கு எப்படி முறை வந்துச்சு? யாரைப் புடிச்சா? கதை எழுதறவளுக்குத் தனி வரிசையா?"

நான் ஓடிப்போய், "ஐயோ அக்கா, என் முறை வர இன்னும் பதினாறு வருஷம் இருக்கு!" என்றேன்.

"அப்போ குறுக்கு வழியிலதான் போற. நீயே சொல்லிட்ட!" என்று கதவைப் படாரென்று சாத்திவிட்டார்.

அன்றிலிருந்து பொட்டலமும் இல்லை, பேச்சும் இல்லை. வயிறு எரிகிறது, ஐயா, பசியால் இல்லை. ஒரு வரி போட்டு இதை மறுக்கலாம் என்றால் கடவுச்சொல் உங்களிடம். உங்களுக்குப் போன் போட்டால், "எழுத்தாளர்கள் கெஞ்சுவாங்கன்னு சார் எடுக்கமாட்டார்" என்கிறாள் உங்கள் அலுவலகப் பெண். ஆகவே இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் மோட்டார் சைக்கிள்காரரிடமே கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்தனுப்பவும். நாவல் வராது. புத்தகமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்!

தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும், தங்களுக்கு மட்டும் கூடுதலாகக் கொஞ்சம் முன்யோசனையையும் அருள்வானாக.

இப்படிக்கு,
போகாத ஊருக்கு வழியனுப்பப்பட்ட
ரெத்னானிங்

பி.கு.: கடவுச்சொல்லை அனுப்ப வேண்டாம்.

உறையை ஒட்டும்போது சுகியார்த்தி அக்கா கொல்லைப்புறமாக வந்தார். கையில் பொட்டலம். தரையில் உட்கார்ந்துகொண்டு, "உன் மேல பொறாமைப்பட்டுட்டேன்டி, மன்னிச்சிரு" என்றார். "என் முறை வர்றப்ப எனக்குத் தொண்ணூறு நெருங்கிரும். நான் இருக்கமாட்டேன், எனக்குத் தெரியும். அங்க போயி என் பேரை மட்டும் ஒரு தடவை சொல்லிடு. வேற ஒண்ணும் கேக்க வேணாம். இப்படி ஒருத்தி இருந்தா, வரணும்னு ஆசைப்பட்டா, அவ்வளவுதான்."

ஊர் முழுக்க இல்லை இல்லை என்று கத்தியவள், ஐயா, "சொல்றேன்க்கா" என்றுவிட்டேன்.

ஆக, நான் போயே ஆக வேண்டும். நாளைமுதல் வாசல் கதவுக்குப் பூட்டு. பின்னறையில் சன்னலைச் சாத்திக்கொண்டு நாற்பது நாளும் இருமாமல் இருக்கப் போகிறேன். வேறு வேலை இல்லாததால் உங்கள் நாவல் முடிந்துவிடும், சந்தோஷமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். நான் மக்காவிலிருந்து 'திரும்பியதும்' தெருவுக்குக் கொடுக்கப் பேரீச்சம்பழம் நீங்கள்தான் வாங்க வேண்டும்.

உங்கள் அக்கா சனிக்கிழமை விமானத்தில் ஹஜ்ஜுக்குப் போவதாக அந்த அலுவலகப் பெண் சொன்னாள். அவரிடம் இந்தப் பெயரைக் கொடுங்கள்: கார்யோதிக்ரோமோவின் மகள் சுகியார்த்தி. என் பெயர் வேண்டாம், நாவலுக்கும் எதுவும் கேட்க வேண்டாம். இந்த ஒரு பெயரை மட்டும் அங்கே நின்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.