களிப்பாறையைக் கடித்த மாப்பிள்ளை

படித்ததை உடனே பிறர்க்குக் காட்டிவிட வேண்டும் என்னும் நமைச்சல் இளமையில் எல்லார்க்கும் உண்டு. எனக்கு அது பெண் பார்க்கப் போன இடத்தில் எடுத்தது.

நிலவியலில் பட்டம் பெற்ற கையோடு, என் தாயாருடன் கீரமங்கலம் சென்றிருந்தேன். பெண்ணின் தந்தை கேசரித் தட்டை என் கையில் கொடுத்துக் கொல்லைக்கு அழைத்துப்போய், பாதியில் நின்ற கிணற்றைக் காட்டினார்.

"தம்பி கல்லுப் படிப்புப் படிச்சவுகளாம்ல? வெட்ட வெட்ட இதுதான் வருது. கடப்பாரை போதுமா, வேட்டு வைக்கணுமா? பாத்துச் சொல்லுங்க."

வெட்டிப் போட்டிருந்த சாம்பல்நிறக் கட்டியொன்றை எடுத்தேன். களிப்பாறையானால் நாவில் ஒட்டும். மணல் கலந்திருப்பின் பல்லில் நறநறக்கும். எங்கள் துறையில் இது வழக்கமான சோதனை. (கேசரி கொடுத்த வீட்டில் செய்யத்தக்கதன்று என்று எந்தப் பேராசிரியரும் சொல்லவில்லை.) நக்கினேன். ஒட்டியது.

"ஆத்தாடி! மாப்பிள்ளை மண்ணு திங்கிறாருடீ!" என்று சன்னலிலிருந்து பெண்ணின் அத்தை அலறினார்.

என் தாயார் பதறி, "எங்க வீட்டுல திங்க மாட்டானுங்க" என்றார். (பிறர் வீட்டில் தின்பேன் என்றாகிவிட்டது.)

சம்பந்தம் கைநழுவுவது புரிந்தது. அறிவியலால் அதை மீட்கத் துணிந்தேன். "வெறும் களிதாங்க. வெண்ணெய் மாதிரி இருக்கும்" என்று சொல்லி, அழுந்தக் கடித்தேன்.

முன்பல் பாதியாய் முறிந்து கேசரியில் விழுந்தது.

தேர்வில் எழுதியதை நான் மறந்திருந்தேன். கடலடிச் சேற்றில் புதையுண்ட நுண்ணுயிர்களின் ஓடுகளிலிருந்து சிலிக்கா நீரில் கரையும். சேற்றினுள் ஊறி, ஓரிடத்தில் கூழாய்த் தங்கி இறுகும். யுகங்கள் செல்லச் செல்லப் படிகமாகிச் சக்கிமுக்கிக் கல்லாகும். மேலே சேற்றின் தோல் மட்டும் மிஞ்சும். என் நாக்கு அந்தத் தோலைத்தான் கண்டிருந்தது.

பெண்ணின் தந்தை என் பல்லை உற்றுநோக்கி, "அப்ப வேட்டுத்தான்" என்றார்.

உள்ளே அத்தையின் குரல் உயர்ந்தது: "மண்ணு திங்கிறவருக்கா பொண்ணைக் குடுக்கப் போறீக?"

உப்புத் தண்ணீர்ச் செம்புடன் வந்துகொண்டிருந்த பெண் வாசற்படியில் நின்று திரும்பினாள். "நம்ம கெணத்துக் கல்லுலதான அத்தை ஒடஞ்சுச்சு? இந்தப் பல்லோட போனா இனி யாரு இவுகளுக்குப் பொண்ணு குடுப்பா? நாமதான் பொறுப்பு."

அந்தப் பொறுப்பை அவள் இன்றுவரை சுமக்கிறாள். மாமனார் வீட்டுத் திருமணப் பேச்சுகளில் எதிர்த்தரப்பார் சீரைக் கூட்டிக் கேட்டால், அத்தை என்னைத்தான் சுட்டிக்காட்டுவார்: "எங்க மூத்த மாப்பிள்ளையப் பாருங்க. ஒண்ணுமே கேக்கல. அவுக பல்லைப் போட்டுல்ல பொண்ணைக் கட்டுனாக!"

உடனே நான் வாயைத் திறந்து காட்ட வேண்டும்.