தங்கமணி திட்டாத மாணவர்

பயிற்சிக் கார் மேட்டிலிருந்து பின்னால் உருண்டுகொண்டிருந்தது. ஸ்டீயரிங்கில் யுகேந்திரன். பக்கத்து இருக்கையில் தங்கமணி. பின்னால், மடியில் நோட்டுப் புத்தகத்தோடு ஒல்லியாக ஓர் ஆள்.

வேறு யாராக இருந்தாலும் இந்நேரம் தங்கமணியின் குரல் மேரு சாலை முழுக்கக் கேட்டிருக்கும். இன்று தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

“சார்... கொஞ்சம்... பின்னாடி போகுது சார்.”

“ஓ, போகுதா அக்கா?”

கார் நிதானமாக இறங்கி, மேட்டடியில் அடுக்கியிருந்த பழைய டயர்களுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. தங்கமணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“ரொம்ப அழகா நிறுத்தினீங்க சார்” என்றாள்.

பின்னிருக்கைக்காரன் எழுதத் தூக்கிய பேனாவைக் கீழே வைத்தான்.

தங்கமணி மலேசியாவின் கிள்ளானில் பத்தொன்பது வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். மேட்டின் பாதியில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி ஏற்ற வேண்டிய அந்தப் பரீட்சைக்கு ‘புக்கிட்’ என்று பெயர். முக்கால்வாசிப் பேருக்கு அதை நினைத்தாலே காய்ச்சல் வரும். தங்கமணியின் மாணவர்களுக்கு மட்டும் வராது. அவளுடைய வாயைவிடப் பயங்கரமான எதையும் அவர்கள் பரீட்சையில் பார்க்கப்போவதில்லை. ஒரு பேங்க் மேனேஜர் அழுதுகொண்டே மேடேறியிருக்கிறார். அழுதார், ஆனால் ஏறினார். தைப்பூசத்தன்று பத்துமலைக் கூட்டத்தில் யாராவது ஓடிவந்து, “அக்கா, இன்னைக்கும் கண்ணாடியைப் பார்த்துட்டுத்தான் ரிவர்ஸ் எடுக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஆனால் யுகேந்திரனைத் திட்டுவதா?

அவருடைய பாட்டு கேட்காமல் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையைக்கூடக் கடக்க முடியாது. பாடகராக இருந்தவர், மூன்று படங்களில் ரேஸ் டிரைவராக நடித்த பிறகு ஊரையே கட்டிப்போட்டுவிட்டார். சிவப்புச் சட்டை, ஸ்டீயரிங்கில் ஒற்றைக் கை, மேளம் விழும் இடத்தில் சரியாகக் கியர் விழும். வளைவில் சரணத்தை ஆரம்பித்தாரென்றால் எல்லைக் கோட்டைத் தாண்டும்போதுதான் பாட்டு முடியும். தங்கமணி ஒவ்வொரு படத்தையும் நான்கு தடவை பார்த்தவள். கிளச்சும் தாளமும் தெரிந்த ஒருவர் உலகத்தில் இருக்கிறார் என்பதே அவளுக்குப் பெரிய ஆச்சரியம். அந்த மனிதர் இப்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “அக்கா, கிளச் எந்தப் பக்கம்?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பள்ளி முதலாளி சபாபதி காலையிலேயே கையெடுத்துக் கும்பிட்டிருந்தார்.

“அக்கா, அவருக்கு கியர் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் லைசென்ஸ்தானாம். சனிக்கிழமை மேனுவல் டெஸ்ட். பாஸ் ஆனாத்தான் அடுத்த படமே எடுப்பாங்களாம். இன்னைக்குப் புதன். மூணே நாள். தயவு செஞ்சு வாயைத் தொறந்துடாதீங்க லா.”

தங்கமணிக்குத் திறக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அன்று ஏழு முறை கார் உருண்டது. ஏழாவது முறை யுகேந்திரன் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“மத்தவங்க இப்படிச் செஞ்சா என்ன சொல்வீங்க அக்கா?”

“ஐயோ சார், மத்தவங்க வேற, நீங்க வேற!”

யுகேந்திரனின் முகம் வாடியது. களைத்துவிட்டார் பாவம் என்று தங்கமணி தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மகள் விஷ்ணுப்ரியாவிடம் அவள் மூச்சுவிடாமல் சொன்னாள்.

“நடிக்கிறாருடி! கார் ஓட்டத் தெரியாதவன் எப்படி இருப்பானோ அப்படியே! கால் நடுங்குது, கண்ணு முழிக்குது. அடுத்த படத்துல அப்படி ஒரு வேஷம் போல. என்ன ஒரு கலைஞன்!”

“அம்மா, அவருக்கு நெஜமாவே தெரியாது லா” என்றாள் விஷ்ணுப்ரியா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். “படத்துல காரை லோரி மேல ஏத்தி இழுத்துட்டுப் போவாங்க. இவரு சும்மா உக்காந்து வாயசைப்பாரு.”

தங்கமணி அன்று மகளுக்குச் சப்பாத்தி மட்டும் போட்டாள். குழம்பு ஊற்றவில்லை.

வியாழக்கிழமை அவள் முழு ஏற்பாட்டோடு வந்தாள். கலைஞருக்குப் பதற்றம் கூடாது என்று சூடாக உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப், காரில் மல்லிகைப் பூ, ஸ்பீக்கரில் அவருடைய பாட்டே. பக்கவாட்டில் நிறுத்திப் பழகும் இடத்தில் நான்கு கம்புகளையும் பிடுங்கி இரண்டடி தள்ளி நட்டாள். பத்தொன்பது வருடத்தில் யாருக்காகவும் ஓர் அங்குலம்கூட நகராத கம்புகள் அவை.

இடம் அகலமாகக் கிடைத்ததும் யுகேந்திரன் இன்னும் தைரியமாகத் தப்பு செய்தார். கறிபாப்பை ஒரு கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடி பக்கமே திரும்பாமல், வரிசையாக ஆறு பிளாஸ்டிக் கூம்புகளைச் சாய்த்துக்கொண்டு போய்க் கால்வாய் ஓரத்தில் நின்றார். அங்கேயும் ஒரு சாண்தான் மிச்சம்.

“சாரி சார்” என்றாள் தங்கமணி. “கால்வாயை இங்க வெட்டியிருக்கக் கூடாது.”

யுகேந்திரன் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்.

“அக்கா, உங்களுக்குக் கோவமே வராதா?”

“உங்க மேலயா சார்?”

“இல்ல, உங்களப் பத்தி ஊர்ல வேற மாதிரி சொன்னாங்களே.”

“பொறாமை பிடிச்சவங்க சார்! நம்பாதீங்க.”

பின்னிருக்கையில் பெருமூச்சு கேட்டது. அந்த ஒல்லி ஆளின் பெயர் முகுந்தன். இரண்டு நாளாக அவன் வாய் திறக்கவில்லை. விரல்கள் மட்டும் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. நோட்டில் ஒரு வரிகூட இல்லை என்பதைத் தங்கமணி கண்ணாடியில் பார்த்தாள். சாருடைய தவறுகளைக் குறித்துக்கொள்ள வந்தவனாக்கும், நான் இருக்கும்வரை அந்தப் பக்கம் வெள்ளையாகவே இருக்கும் என்று பெருமைப்பட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெருமை கரைந்துபோனது. யுகேந்திரன் முதல் கியருக்குப் பதிலாக வைப்பரைப் போட்டார். பிரேக்குக்குப் பதிலாக ஹாரனை அடித்தார். நடிப்புக்கும் ஓர் அளவு உண்டு. விஷ்ணுப்ரியா சொன்னது சரிதானோ என்று தங்கமணிக்கு முதல்முறையாகத் தோன்றியது. நாளை டெஸ்ட். இவர் உருளப்போகிறார். படம் நிற்கப்போகிறது. வளைவில் சரணம் பாடும் அந்தச் சிவப்புச் சட்டையை இனிப் பார்க்க முடியாது. எல்லாம் அவளுடைய இனிப்பான வாயால்.

“சார், கடைசியா ஒரு தடவை புக்கிட் ஏறலாம். கவனமா, சரியா?”

கார் மேடேறி மஞ்சள் கோட்டில் நின்றது. மேட்டடியில் சபாபதி வாங்கி நான்கு நாளே ஆன புதுக் கார். யுகேந்திரன் இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்தார். கண்ணை மூடினார். ஏதோ ராகத்தை முனக ஆரம்பித்தார்.

கார் உருண்டது. கண்ணாடியில் புதுக் கார் பெரிதாகிக்கொண்டே வந்தது. தங்கமணியின் கால் தன் பக்கத்துப் பிரேக்கைத் தேடிப் போய்ச் சேர்ந்தபோது கார் ஏற்கெனவே நின்றிருந்தது. ஒரு சாண் மிச்சம். அதைக் கவனிக்கும் நிலையில் அவள் இல்லை. மூன்று நாள் அடக்கி வைத்திருந்தது அப்படியே கிளம்பிவிட்டது.

“டேய்! காலா அது கட்டையா? கண்ணாடி எதுக்கு, பவுடர் பூசவா? கிளச்சைப் பாதி விடு! பிரேக்கை மீதி விடு! பின்னாடி எவன் வரான் பாரு! முன்னாடி எமன் வரான் பாரு! பாடிக்கிட்டா ஓட்டறே? ஓட்டிக்கிட்டுப் பாடுடா!”

மேரு சாலையில் ஒரு லோரி பயந்துபோய்ப் பிரேக் போட்டது. கேன்டீனில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த மாணவர்கள் பழக்கத்தில் எழுந்து நின்றார்கள். சபாபதி தலையில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

யுகேந்திரன் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்திருந்தார். தோள்கள் குலுங்கின. அழ வைத்துவிட்டேன் என்று நினைத்ததும் தங்கமணிக்குத் தன் நாக்கைக் கடித்துத் துப்பலாம் போல இருந்தது.

“சார்... மன்னிச்சிடுங்க சார்... உங்க படம் நின்னுடக் கூடாதேன்னுதான்...”

யுகேந்திரன் நிமிர்ந்தார். கண்ணில் நீர் இருந்தது. முகத்தில் சிரிப்பும் இருந்தது. முதல் கியரைப் போட்டார். கார் மேட்டில் ஏறி, மஞ்சள் கோட்டில் நின்றது. ஹேண்ட்பிரேக் போடவில்லை, பிரேக்கிலும் கால் இல்லை. பாதிக் கிளச்சில், இஞ்சின் மெல்ல முனக, மேட்டின் நடுவில் இம்மிகூட அசையாமல் நின்றது. தங்கமணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பத்தொன்பது வருடத்தில் அவளாலேயே இப்படி நிறுத்த முடிந்ததில்லை.

பிறகு அது ஏறியது, இறங்கியது, வளைவுகளைத் தொடாமல் தொட்டு வந்தது. அவள் தள்ளி நட்ட கம்புகளை விட்டுவிட்டு, அவற்றுக்குள்ளே இருந்த பழைய குழிகளின் அளவுக்குள், ஒற்றைக் கையில், ஒரே சுற்றில், பின்பக்கமாகப் போய் நின்றது. நான்கு பக்கமும் ஒரு சாண். கியர் ஒவ்வொன்றும் தாளத்தில் விழுந்ததை அவள் காதாலேயே கேட்டாள். திரையில் பார்த்ததில் துளிப் பொய் இல்லை. தங்கமணிக்குக் கை கூப்பத் தோன்றியது, கூப்பியேவிட்டாள்.

“பின்னாடி எவன் வரான் பாரு...” என்று யுகேந்திரன் மெதுவாகப் பாடினார். “முன்னாடி எமன் வரான் பாரு...”

முகுந்தன் நோட்டில் வேகவேகமாக எழுதி முடித்துவிட்டு, மூன்று நாளில் முதல்முறையாக வாய் திறந்தான்.

“அடுத்த படத்துல அண்ணன் ரேஸ் டிரைவர் இல்ல அக்கா, டிரைவிங் வாத்தியார்! டெஸ்ட் கதையெல்லாம் சும்மா. உங்க வாயைத் தொறக்க வைக்கத்தான் பாவம் மூணு நாளா இவ்வளவு கஷ்டப்பட்டு மோசமா ஓட்டினாரு. பல்லவி வந்துருச்சு, இன்னொரு ரவுண்டு திட்டுங்க லா, சரணத்தையும் முடிச்சுடறேன்!”