ஓட்டை போட்ட அட்டை

அன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். என் மனைவி இனிமேல் படிக்கக் கூடாது. வாய் கொப்பளிப்பதற்குள் இரண்டாவது முடிவுக்கும் வந்துவிட்டேன். இதை அவளிடம் நேருக்கு நேர் சொல்லக் கூடாது.

விஷயம் இதுதான். மகள் விடுதிக்குப் போனதும் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று சொல்லி, இவள் வார இறுதி வகுப்பில் உளவியல் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தாள். இரண்டு வாரத்தில் அலுத்துவிடும் என்று நம்பி நானும் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். அலுக்கவில்லை. மூன்று வருஷம் ஓடிவிட்டது. இப்போது சாப்பாட்டு மேஜைமேல் புதிதாக ஒரு விண்ணப்பம் வந்து உட்கார்ந்திருக்கிறது. முதுகலை. முழுநேரம். இரண்டு வருஷம். காலை எட்டு மணிக்கு வகுப்பு.

எட்டு மணி! என் காபி ஏழரைக்கு. டிபன் எட்டுக்கு. சாப்பாட்டு டப்பா எட்டேகாலுக்கு. இஸ்திரி போட்ட சட்டை எட்டரைக்கு. ஒரு மனிதனின் மொத்த நாகரிகமும் அந்த ஒரு மணி நேரத்தில் அடங்கியிருக்கிறது. அதைத் தூக்கிக் கல்லூரிக்குக் கொடுப்பதா?

பேப்பரை மடித்தபடி, ஒன்றும் தெரியாதவன்போல் ஆரம்பித்தேன்.

"ஆமா, உளவியல் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?"

"ஆஸ்பத்திரியில இருக்கு."

"அங்க போய் என்ன செய்வ?"

"மனசு கஷ்டத்துல வர்றவங்க பேசறதைக் கேட்பேன்."

"கேட்கறதுக்கு சம்பளமா?"

"இங்க இருபது வருஷமா சும்மா கேட்டுட்டிருக்கேன். அங்க குடுப்பாங்களாம்."

"வேற?"

"பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு ஆலோசகர். கோர்ட்டுல, பிரியப்போற அப்பா அம்மாவுல பிள்ளை யார்கிட்ட இருந்தா நல்லா இருக்கும்னு விசாரிச்சு எழுதிக் குடுக்கற வேலை. விளையாட்டுக்காரங்க கடைசி நிமிஷத்துல பதறாம இருக்கப் பழக்கலாம். கம்பெனிக்கு ஆள் தேர்ந்தெடுக்கலாம்."

"எங்க கம்பெனியில அப்படி யாரும் கிடையாது."

"தெரியுது. உங்களை எடுத்திருக்காங்களே."

நான் மெத்தைக் கம்பெனியில் தரப் பரிசோதகர். மெத்தையை அழுத்திப் பார்ப்பேன், படுத்துப் பார்ப்பேன், எழுந்து கையெழுத்துப் போடுவேன். பொறுப்பான உத்தியோகம். கொஞ்சம் கண் அசந்தாலும் பெயர் கெட்டுவிடும். இதை அவள் ஒருநாளும் மதித்ததில்லை.

"நீங்க படுத்து சம்பாதிக்கலாம். நான் படிச்சு சம்பாதிக்கக் கூடாதா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. தந்திரம்தான் முக்கியம்.

"அதுக்கில்லைம்மா. அதெல்லாம் சுத்த ஏமாத்து வேலை. மனுஷன் மனசை ஒரு தாள்ல டிக் அடிச்சு அளந்துட முடியுமா? என்னை அளந்து காட்டு, பார்ப்போம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "செய்முறைத் தேர்வுக்குப் பத்து பேரைச் சோதிச்சு எழுதணும். ஒன்பது பேர் ஆயாச்சு. பத்தாவது ஆளைத் தேடிட்டிருந்தேன்."

"நான்தான் பத்தாவது. ஆனா ஒரு பந்தயம். உன் தாளை நான் ஏமாத்திட்டேன்னா, முதுகலை கிடையாது."

"ஏமாத்த முடியலேன்னா?"

"நீ தாராளமா போ. காபியிலேருந்து இஸ்திரி வரைக்கும் என் பொறுப்பு."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"ரெண்டு பிரதி!" என்றேன். எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டேன். தரப் பரிசோதகர் என்று பதவியையும் சேர்த்துக்கொண்டேன்.

என் திட்டம் என்னவென்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். நான் எப்படிப்பட்டவன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சோப்பு வழுக்கினால் சோப்பையே திட்டுகிறவன் நான். அப்படிப்பட்டவனை அவளுடைய தாள் மகான் என்று சொல்லிவிட்டால்? தாள் பொய். தாள் பொய்யென்றால் படிப்பு பொய். படிப்பு பொய்யென்றால் என் காபி ஏழரைக்கு.

அதிர்ஷ்டமும் என் பக்கம் இருந்தது. மறுநாளே சமையலறையில், பிஸ்கட் டப்பாவுக்கு அடியில், அந்த வினாத்தாள் என் கையில் சிக்கியது. வினாக்களை மாணவர்களே தயாரிக்க வேண்டுமாம். இவளே உட்கார்ந்து அறுபது கேள்வி எழுதியிருந்தாள். சட்டைக்குள் செருகிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

மாடியில் ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் குடியிருக்கிறார். இந்த மாதிரி நுட்பமான காரியங்களுக்கு அவரைவிட்டால் ஆள் இல்லை.

"இதுவா சார்? உங்க வீட்டம்மா எனக்கும் குடுத்தாங்களே. ரொம்ப லேசு. ஒவ்வொரு கேள்விக்கும் உத்தமன் என்ன சொல்வான்னு யோசிங்க. அதை அடிங்க."

"கண்டுபிடிச்சிட்டா?"

"நாலு கம்பெனி பார்த்தவன் சார் நான். நாலுலேயும் இந்த மாதிரித் தாள் குடுத்தாங்க. நாலுலேயும் நான் உத்தமன்."

"ஏன் நாலு கம்பெனி மாறினீங்க?"

"அது வேற கதை சார். மூணாவது கேள்வியைப் படிங்க."

படித்தேன். 'நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை.' ஆம். ஒன்பது: 'எனக்குக் கோபமே வந்ததில்லை.' ஆம். அடிக்கும்போது அவர் முழங்கை என்மேல் இடித்து டிக் கோணலாகிவிட்டது. கண்டபடி கத்திவிட்டு, அழித்து மறுபடி அடித்துப் பழகினேன். பதினேழு: 'யாரைப் பற்றியும் புறம் பேசியதில்லை.' அந்த இடத்தில் இருவரும் கீழ்வீட்டுக்காரரின் தலைச்சாயத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு, ஆம்.

இருபத்திரண்டில் எனக்கு லேசாக நெருடியது. 'வீட்டு வேலைகளைச் செய்வது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.' நாற்பத்தொன்று அதைவிட மோசம். 'என் வாழ்க்கைத் துணை மேற்கொண்டு படிப்பதை மனதார விரும்புகிறேன்.'

"என்னங்க இது?"

"உத்தமன் என்ன சொல்வான் சார்?"

"ஆம்னுதான் சொல்வான்."

"அப்ப அடிங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை. சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, எதிரே கடிகாரத்தை வைத்தாள். சீவிய பென்சில் ஒன்றை நீட்டினாள். டாக்டர் மாதிரி ஒரு குரல் வைத்துக்கொண்டு, "இதில் சரி, தவறு என்று எதுவும் இல்லை. மனதில் முதலில் தோன்றுவதைக் குறிக்கவும்" என்று வாசித்தாள்.

எனக்குத்தான் எல்லாமே முதலிலேயே தோன்றிவிட்டதே! மளமளவென்று அடித்துத் தள்ளினேன். கடைசிக் கேள்வியில் உற்சாகம் தாங்காமல் விடைக்கு அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

"ஏழு நிமிஷம்" என்று குறித்துக்கொண்டாள். "மத்தவங்க எல்லாருக்கும் அரை மணி ஆச்சு. கீழ்வீட்டு அக்கா, 'நான் சந்தோஷமாக இருக்கிறேன்'ங்கற ஒரு கேள்வியில மட்டும் பத்து நிமிஷம் உட்கார்ந்துட்டாங்க. கடைசிவரைக்கும் டிக்கே அடிக்கலை. அவங்க முகத்தைப் பார்த்தப்புறம்தாங்க நான் மேல படிச்சே ஆகணும்னு தோணிச்சு."

"அவங்களுக்குக் கை மெதுவா இருக்கும்" என்றேன். "நீ என் மார்க்கைச் சொல்லு."

அவள் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். எங்கள் கம்பெனி மெத்தை வந்த பெட்டியில் வெட்டிய அட்டை. 'சுகமான உறக்கம்' என்ற எழுத்துகூட அதில் பாதி தெரிந்தது. அட்டையில் அங்கங்கே வட்டமாக ஓட்டை போட்டிருந்தாள். அதை என் தாள்மேல் வைத்து, ஓரங்களைச் சரியாகப் பொருத்தினாள்.

"இது என்ன?"

"பொய் அட்டை. அறுபதுல பன்னிரண்டு கேள்வி வேற மாதிரிங்க. பொய்யே சொன்னதில்லை, கோபமே வந்ததில்லை, புறமே பேசினதில்லை. உயிரோட இருக்கற எந்த மனுஷனும் இதுக்கெல்லாம் உண்மையா 'ஆம்' சொல்ல முடியாது. ரெண்டு மூணு அடிச்சா பரவாயில்லை, எல்லாருக்கும் நல்ல பேருக்கு ஆசைதான். ஆறைத் தாண்டினா, அந்த ஆள் தாளை ஏமாத்தப் பார்க்கிறார்னு அர்த்தம்."

அவள் எண்ண ஆரம்பித்தாள். ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் என் டிக் ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"…எட்டு. ஒன்பது. மாடி அண்ணனே இங்க நின்னுட்டாரு. பத்து. பதினொண்ணு."

"நிறுத்து!" என்று மேஜையைத் தட்டினேன். பன்னிரண்டாவது ஓட்டை அவள் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. "நான் அடிச்சது பொய்னு யார் சொன்னது? எல்லாம் உண்மை! அப்படியும் ஒரு மனுஷன் இருக்கக் கூடாதா?"

"எல்லாமே உண்மையா?"

"எல்லாமே!"

"ஒண்ணுவிடாம?"

"ஒண்ணுவிடாம!"

"அப்ப சரிங்க" என்று அட்டையைக் கொஞ்சம் நகர்த்தினாள். "இருபத்திரண்டு. வீட்டு வேலை செய்யறது உங்களுக்கு மகிழ்ச்சி. நாற்பத்தொண்ணு. நான் மேல படிக்கறதை மனசார விரும்பறீங்க. நீங்க அடிச்சது பொய்னா பந்தயப்படி நான் போறேன். உண்மைன்னா உங்க ஆசைப்படி நான் போறேன். எது உங்களுக்கு வசதி?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஒன்பதாவது கேள்வி எதிரிலேயே கிடந்தது. கோபப்படவும் வழியில்லை.

"தாளை நான் முன்னாடியே பார்த்தது உனக்குத் தெரியுமா?" என்று ஈனஸ்வரத்தில் கேட்டேன்.

"நீங்க பார்க்கணும்னுதானே பிஸ்கட் டப்பாவுக்கு அடியில வெச்சேன். சமையலறையில உங்களுக்குத் தெரிஞ்ச டப்பா அது ஒண்ணுதான். பழகப் பழக மத்ததும் தெரிஞ்சுடும்."

விண்ணப்பத்தை எடுத்து, என் எதிரிலேயே, அதே பென்சிலை ஓரமாக வைத்துவிட்டுப் பேனாவால் கையெழுத்துப் போட்டாள். நான் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டில் ஒன்றாவது தப்பியிருக்காதா என்று ஒரு நப்பாசை. மானம் கொஞ்சமாவது மிஞ்சுமே.

"அந்தக் கடைசி ஓட்டையில என்ன இருக்கு?"

அவள் அட்டையை மறுபடி சரியாகப் பொருத்தி என் பக்கம் திருப்பினாள். அறுபதாவது கேள்வி. 'என்னை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.'

நான் இரண்டு கோடு போட்டிருந்தது அதற்குத்தான்.