பல் டாக்டர் வீட்டுப் பாட்டில்கள்

குப்பை போடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். குப்பை அள்ளுகிறவர்களையும் தெரியும். இரண்டிலும் சேராத இன்னோர் இனம் இருக்கிறது: குப்பையைக் கழுவித் துடைத்து, வெயிலில் உலர்த்தி, அலமாரியில் குடிவைக்கும் இனம். ஏன் என்று கேட்டால் பூமிக்காக என்பார்கள். நேரமிருந்தால் மட்டும் கேளுங்கள்.

எங்களுக்கு மேல்வீட்டில் இருக்கும் பல் டாக்டர் இந்த இனத்தில் முற்றிய ரகம். அடுத்தவர் வாயிலிருந்து பல்லைப் பிடுங்கிப் போடத் தயங்காத மனிதருக்கு, காலியான ஒரு ஜாம் பாட்டிலைப் பிரிய மனம் வராது. படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டால், பழைய தாளைக் கூழாக்கிப் புதுத் தாள் செய்தால் எத்தனை மரம் பிழைக்கும், அலுமினிய டின்னை உருக்கி மறுபடி டின்னாக்கினால் எவ்வளவு மின்சாரம் மிச்சம், கண்ணாடியை எத்தனை முறை உருக்கினாலும் அது கண்ணாடிதான் என்றெல்லாம் மூச்சுவிடாமல் சொல்வார். அத்தனையும் உண்மை. அதனால்தான் தப்பிக்க முடிவதில்லை.

சங்கடம் ஒன்றுதான். தாளும் டின்னும் கண்ணாடியும் அவருடைய பின்னறையைவிட்டு நகர்ந்ததே இல்லை. மறுசுழற்சி வண்டி வாராவாரம் வாசலில் மணியடித்துவிட்டுப் போகும். டாக்டர் ஜன்னல் வழியாக அதை முறைப்பார். நாம் பிரித்துக் கொடுப்பதையெல்லாம் அவர்கள் ஒரே குழியில் கொட்டுகிறார்கள் என்பது அவர் கட்சி. போய்ப் பார்த்தாரா? எப்படிப் பார்ப்பார்? பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடுமே!

அப்போதுதான் வெளியூரில் இருந்த டாக்டரின் மகளுக்கு இந்த ஊருக்கே மாற்றல் வந்தது. அவள் தங்குவதற்கு இருந்தது அந்த ஒரே அறை. அதில் தயிர் டப்பாக்கள் வசித்தன. அவள் தனியாக வீடு பார்த்துக்கொள்ளட்டுமே என்று டாக்டர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவர் மனைவி கத்தவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“ஏங்க, பொண்ணு வேணுமா, டப்பா வேணுமா? டப்பான்னா சொல்லிடுங்க, நான் அவகூடப் போய் இருந்துக்கறேன்.”

அந்தக் குழியைக் காட்டிவிட்டால் டப்பாக்களைக் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் கணக்குப் போட்டார். அடுத்த முறை வண்டி வந்தபோது, ஊழலைக் கையும் களவுமாகப் பிடிக்கிற வேகத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனார். மதியம் திரும்பிய முகத்தில் ஈயாடவில்லை. தாள் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம் என்று பிரித்து, கட்டுக்கட்டாக ஆலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்களாம்.

“ஒழுங்காத்தான் பண்றாங்க,” என்றார் மனைவியிடம், துக்கச் செய்தி சொல்வதுபோல.

வீட்டில் உட்கார்ந்திருக்கும் பாட்டில் மறுசுழற்சி ஆகாது, வெறுமனே ஓய்வெடுக்கும் என்று அந்த அம்மாள் பதமாகச் சொன்னார். அடுத்த வாரம் மூட்டைகள் இறங்கின. நானும் தூக்கினேன். கடைசி ஜாம் பாட்டிலை மட்டும் டாக்டர் மூட்டையில் போடாமல் கையிலேயே கொண்டுவந்தார்.

“உள்ள ஏதாவது இருக்கா சார்?” என்று கேட்டார் வண்டி ஓட்டுநர்.

“இல்ல. காலிதான்.” மூடியை இன்னொரு முறை இறுக்கித் திருகிக் கொடுத்தார்.

பின்னறையில் கட்டில் போட்டார்கள். அங்கே ஒரு ஜன்னல் இருந்தது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. மகள் நான்கு பெட்டிகளோடு வந்து இறங்கினாள். நான்காவதைத் தூக்கியபோது கலகலவென்று சத்தம்.

“காலி பாட்டில்தாம்பா. கழுவி வெச்சிருந்தேன், போட மனசு வரல.”

டாக்டர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அம்மா மட்டும் அந்தப் பெட்டியைப் படியேற விடவில்லை. வண்டி வரும்வரை அது என் வராந்தாவில் இருந்தது. வண்டி வந்ததும் மகளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்பா கூடவே நின்று ஆறுதல் சொன்னார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் சமையலறையில் கீழ்த்தட்டைத் திறந்து பாருங்கள். டப்பா எப்போதோ தொலைந்துபோன மூடி ஒன்று அங்கே இருக்கும். கையில் எடுங்கள். வண்டி வாசலில்தான் நிற்கிறது.

என்ன, மறுபடியும் உள்ளேயே வைக்கிறீர்கள்?